நடிக்கப் போகிறேன் என்னும் மகளின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். மதிப்பெண்ணும் நன்றாகவே இருக்கிறது, பக்கத்துக் கல்லூரியில் பி.காம். இடம் தயாராக இருக்கிறது. அவளோ "காலேஜ் வேண்டாம், நடிக்கப் போகிறேன், சென்னைக்கு அனுப்புங்கள்" என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அப்பா பேச்சையே நிறுத்திவிட்டார். நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பது நீங்கள். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "பெண் மாநிறம்தான், உயரமும் இல்லை, இவளையெல்லாம் சினிமாவில் எடுப்பார்களா?" அந்த வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் பயத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் கேட்பது கதாநாயகி வேலையைப் பற்றி. அந்த வேலைக்கு ஒரு நேரத்தில் தமிழில் இடம் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான். அதில் யார் வருவார், எத்தனை வருஷம் இருப்பார் என்று எந்த ஆலோசகராலும் சொல்ல முடியாது. நடிகை வேலை அதைவிடப் பல மடங்கு பெரியது. அக்கா, அண்ணி, டீச்சர், போலீஸ்காரி, பூக்காரி, மாமியார், பாட்டி என்று எல்லா வயதுக்கும் எல்லா உருவத்துக்கும் அதில் வேலை உண்டு. உங்கள் மகளுக்கு எது வேண்டும் என்று முதலில் அவளிடமே கேளுங்கள். "ஹீரோயின் ஆகவில்லை என்றாலும் நடிப்பாயா?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கவனியுங்கள்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் மனோரமா ஆச்சியைத்தான் எடுத்துக்காட்டுவேன். 1937இல் மன்னார்குடியில் பிறந்தவர், இயற்பெயர் கோபிசாந்தா. அப்பாவின் ஆதரவு இல்லாமல் அம்மாவோடு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்து, வறுமையில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பன்னிரண்டு வயதுவாக்கில் நாடக மேடை ஏறினார். நன்றாகப் பாடுவார் என்பதால் கிடைத்த வாய்ப்பு அது. சபா நாடகங்கள், அப்புறம் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழு என்று பல வருஷம் மேடைதான் சோறு போட்டது. சினிமாவில் முதலில் ஒப்பந்தமான படங்கள் பாதியிலேயே நின்றுபோயின. அந்தச் சமயத்தில் வேறு ஒருவராக இருந்தால் ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார். அவருக்குத் திரும்பிப் போக மேடை இருந்தது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

1958இல் வந்த 'மாலையிட்ட மங்கை'தான் அவருடைய முதல் தமிழ்ப் படம். தயாரித்தவர் கவிஞர் கண்ணதாசன், கொடுத்தது நகைச்சுவை வேடம். நாடகத்தில் கதாநாயகியாக நின்ற பெண்ணுக்குத் தயக்கம் வராமல் இருக்குமா? கதாநாயகி என்றால் மூன்று நான்கு வருஷத்தில் ஒதுக்கிவிடுவார்கள், நகைச்சுவை என்றால் நீண்ட நாள் நிலைக்கலாம் என்று கண்ணதாசன் எடுத்துச் சொன்னதைப் பின்னாளில் மனோரமா நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். இருபது வயதுப் பெண் அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டாரே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். அந்தப் பாதை நீளவில்லை. அவர் அதிலேயே தொங்கிக்கொண்டு நிற்கவும் இல்லை. நாகேஷோடு ஜோடி, சோவோடு ஜோடி, பிறகு அம்மா, அத்தை, பாட்டி என்று வயது ஏற ஏற வேடம் மாறிக்கொண்டே வந்தது, வேலை நிற்கவில்லை. 1985இல் ஆயிரம் படங்களைத் தாண்டி கின்னஸ் புத்தகத்தில் பெயர் வந்தது. 'புதிய பாதை'க்காகத் தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ. 2015இல் 78 வயதில் காலமானார். ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் உங்கள் மகளுக்கு அதைவிட முக்கியமானது, 1958இல் தொடங்கியவர் அரை நூற்றாண்டு கழிந்தும் படப்பிடிப்புக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பது.

அது எப்படி முடிந்தது என்று படங்களைப் போட்டுப் பார்த்தாலே தெரியும். 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்று. எதிரே சிவாஜி, அந்தப் பக்கம் பத்மினி. படத்தின் நீளத்தில் மனோரமா ஏற்ற ஜில் ஜில் ரமாமணிக்குக் கிடைத்தது சிறிய பங்குதான். நாதஸ்வரம் கேட்டு அசந்துபோய், இந்தச் சத்தம் இந்த நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று வெள்ளந்தியாகக் கேட்கும் இடத்தை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஒலியை அணைத்துவிட்டும் ஒரு முறை பாருங்கள். தலை எப்போது சாய்கிறது, கண் எப்போது விரிகிறது, சிவாஜி முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படிக் கேள்வியை நகர்த்துகிறார் என்று தெரியும். நாடகக்காரி வேடத்தில் நிஜமாகவே நாடகத்தில் வளர்ந்த ஒருவர். எதிரில் இருப்பவர் பேசும்போது சும்மா நிற்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் வித்தை மேடையில் தினம் தினம் நின்றால்தான் கைவரும்.

இன்னொன்று காது. அதே ஆண்டில் வந்த 'பொம்மலாட்டம்' படத்தில் 'வா வாத்தியாரே ஊட்டாண்ட' பாட்டை அவரே பாடினார். பள்ளத்தூரில் வளர்ந்தவர் வாயில் அசல் மெட்ராஸ் பாஷை. பல வருஷம் கழித்து 'சின்ன கவுண்டர்' ஆத்தாவாக வந்தபோது கொங்குப் பேச்சு. வட்டார வழக்கு இப்போது முன்பைவிடப் பெரிய முதலீடு. மதுரைக் கதை, நெல்லைக் கதை, வடசென்னைக் கதை என்று படமும் வெப் சீரிஸும் வரும் காலத்தில், அந்தந்த ஊர்ப் பேச்சைப் பிசகாமல் பேசும் நடிகையைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். மாநிறத்தைப் பற்றிக் கவலைப்பட்டீர்களே, அந்தக் கதைகளுக்கு நம் ஊர் முகம்தான் வேண்டும். மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். காய்கறிச் சந்தையில் ஒரு மணி நேரம் நின்று, ஒரே ஒரு பெண்ணின் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் அதே மாதிரி பேசிக் காட்டட்டும். கேலியாக இல்லாமல், அந்தப் பெண்ணே வந்து நின்றது மாதிரி இருக்க வேண்டும். அதைச் செய்ய அவளுக்கு ஆசை வருகிறதா, சலிப்பு வருகிறதா? கண்ணாடி முன்னால் நிற்பதை வைத்து எடை போடாதீர்கள். இதை வைத்து எடை போடுங்கள்.

ஆனால் ஆச்சி வாழ்க்கையில் பின்பற்றக் கூடாததும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். படிப்பை அவர் விரும்பி விடவில்லை, வறுமை விட வைத்தது. நாடகக் குழுவிலேயே நடந்த திருமணம் நிலைக்கவில்லை, கைக்குழந்தையோடு தனியாக நின்றார். அத்தனையையும் தாங்கி மேலே வந்தார் என்பதற்காக, அந்தக் கஷ்டம்தான் அவரை நடிகையாக்கியது என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே நிலையில் இருந்து காணாமல் போனவர்கள் எத்தனையோ பேர், அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. உங்கள் மகளுக்கு வீடு இருக்கிறது, அம்மா இருக்கிறீர்கள், கல்லூரியில் இடம் இருக்கிறது. அதையெல்லாம் உதறிவிட்டுப் போனால்தான் கலை வரும் என்று அவளிடம் யாராவது சொல்லியிருந்தால் அது தவறான அறிவுரை.

பட்டப்படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். "சினிமா கைவிட்டால் டிகிரி கைகொடுக்கும்" என்று நீங்கள் அவளிடம் சொல்லியிருப்பீர்கள், அவளும் கோபப்பட்டிருப்பாள். தோல்வியை முன்கூட்டியே பேசுவது போல அவளுக்குக் கேட்கும். வேறு மாதிரி சொல்லிப் பாருங்கள். நடிப்பை முறையாகக் கற்றுத்தரும் பெரிய இடங்களில் பலவற்றுக்குள் நுழையவே பட்டம் தேவை. டெல்லியில் 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டம் வேண்டும், அதோடு ஏற்கனவே நாடகங்களில் நடித்த அனுபவமும் வேண்டும். தேர்வானால் மாத உதவித்தொகை கொடுத்துச் சொல்லித்தருகிறார்கள். இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு புழங்க வேண்டும். புனே திரைப்படக் கல்லூரியின் திரை நடிப்புப் படிப்பும் பட்டத்துக்குப் பிறகுதான். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது, அங்கே நாடகத்தில் முதுகலை படிக்கலாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாடகத் துறை உண்டு. ஆக, இப்போது படிக்கப்போகும் மூன்று வருஷமும் நடிப்புக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது.

பி.காம். என்பதற்காக முகம் சுளிக்க வேண்டாம் என்றும் அவளிடம் சொல்லுங்கள். விஜய் சேதுபதி பி.காம். படித்தவர். துபாயில் கணக்கு வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கூத்துப்பட்டறையில் கணக்காளராகச் சேர்ந்து, பக்கத்தில் நின்று நடிகர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ந.முத்துசாமி 1977இல் தொடங்கிய நாடகக் குழு அது. பசுபதி, கலைராணி என்று திரையில் நாம் மதிக்கும் பலர் அங்கே உடம்பையும் குரலையும் பழக்கியவர்கள். கலைராணி நடித்த படங்களைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிடமே வந்தாலும் மனதில் நின்றுவிடுவார்.

இந்த மூன்று வருஷத்தில் அவள் மேடை ஏற வேண்டும். முன்னால் மனதில் வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான். படம் நின்றாலும் சீரியல் நின்றாலும் திரும்பிப் போக ஒரு மேடை இருந்தால் பெண்ணுக்குத் தைரியம் இருக்கும், கண்டவர் காலில் விழ வேண்டியிருக்காது. கல்லூரி நாடகம், ஊரில் இருக்கும் வீதி நாடகக் குழு, பக்கத்துக் கிராமத்துக் கூத்து, எதுவானாலும் சரி. ஒரே நாடகத்தை மாதக்கணக்கில் ஒத்திகை பார்ப்பதில் அவளுக்கு அலுப்புத் தட்டினால், இந்தத் தொழில் அவளுக்கு இல்லை என்று பத்தொன்பது வயதிலேயே தெரிந்துவிடும், அதுவும் நல்லதுதான். அலுப்புத் தட்டவில்லை என்றால் நீங்களும் நானும் ஒதுங்கிக்கொண்டு வழிவிட வேண்டும்.

வருமானத்தை மறைக்காமல் சொல்கிறேன். மேடை நாடகத்தை மட்டும் நம்பித் தமிழ்நாட்டில் குடும்பம் நடத்துவது மிகவும் கடினம். சின்ன வேடங்களுக்கு நாள் கணக்கில்தான் சம்பளம், கைக்கு வரத் தாமதமும் ஆகும், வேலையே இல்லாத மாதங்கள் வரும். அதனால் நடிப்போடு ஒட்டிய இன்னொரு கைத்தொழில் வேண்டும். டப்பிங், ரேடியோ, ஒலிப்புத்தகம், பள்ளிகளில் நாடக வகுப்பு எடுப்பது, இப்படி ஏதாவது ஒன்று. குரல் நன்றாக இருந்தால் டப்பிங்கை முதலில் பழகச் சொல்வேன். கேமராவுக்கு முன்னால் போகும் நாளிலும் அது கூடவே வரும். சென்னைக்குப் போவதானால் ஆறு மாதச் செலவுக்குப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அனுப்புங்கள்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தப் பயம்தான். பயம் நியாயமானது. மலையாளத் திரையுலகைப் பற்றி நீதிபதி ஹேமா குழு கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, பாலியல் தொல்லையோடு, படப்பிடிப்பில் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இல்லாத கொடுமையும், எழுத்தில் ஒப்பந்தமே இல்லாத நிலையும் பதிவாகியிருந்தன. அதைப் படித்துவிட்டு எந்த அம்மாவுக்கும் தூக்கம் வராது. அதனால்தான் விதிகளை மகளுக்கு இப்போதே சொல்லிக்கொடுங்கள் என்கிறேன். வாய்ப்புக் கொடுக்கிறேன், பணம் கட்டு என்று கேட்பவர் யாரானாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட வேண்டும். நடிக்கிறவருக்குத்தான் சம்பளம், நடிக்கிறவர் கொடுப்பதில்லை. போர்ட்ஃபோலியோ (புகைப்படத் தொகுப்பு) என்ற பெயரில் பெரிய தொகையைக் கறக்கிறவர்களும் உண்டு. நல்ல வெளிச்சத்தில் ஒப்பனையில்லாமல் போனில் எடுத்த நாலு படமும் ஒரு நிமிட நடிப்பு வீடியோவும் ஆரம்பத்துக்குப் போதும். ஆடிஷன் அலுவலகத்திலோ ஒத்திகை இடத்திலோ பகலில் நடக்க வேண்டும், கூட ஒருவர் போக வேண்டும். ஹோட்டல் அறை என்றால் எவ்வளவு பெரிய பெயரானாலும் போக வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். படத் தயாரிப்பு யூனிட்டுகளுக்கும் இது பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. "இங்கே அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கும் பெண்ணிடம் யாரும் அவ்வளவு சுலபமாக வாலாட்ட மாட்டார்கள்.

அப்பாவிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். மகள் படிப்பை விடவில்லை, மூன்று வருஷம் வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போகிறாள் என்பதை மட்டும் முதலில் சொல்லுங்கள். மற்றதை அவள் நடிக்கும் முதல் நாடகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போன பிறகு பேசிக்கொள்ளலாம்.

கல்லூரிக் கட்டணத்தைக் கடைசித் தேதிக்கு முன்னால் கட்டிவிடுங்கள். சேர்ந்த வாரமே அந்தக் கல்லூரியில் நாடகக் குழு இருக்கிறதா, யார் நடத்துகிறார்கள் என்று மகள் விசாரித்துவிட்டு வரட்டும். இல்லை என்றால் உங்கள் மாவட்டத்தில் இயங்கும் குழுக்களைத் தேடிக் கொடுப்பது என் பொறுப்பு. அடுத்த முறை என்னைப் பார்க்க வரும்போது அவளையும் அழைத்து வாருங்கள். இரண்டு பக்க வசனம் மனப்பாடமாக இருக்க வேண்டும், அந்தச் சந்தைப் பெண்ணின் பேச்சும் வேண்டும். நடித்துக் காட்டியதும் மூன்று பேரும் உட்கார்ந்து முதல் வருஷத்துக்கான திட்டத்தை எழுதிவிடலாம்.