பர்கூர் ஜவுளிக் கடைக்குச் சர்வர் கட்டாயமா?

கேள்வி: நானும் என் தம்பியும் பர்கூரில் கூட்டாக மொத்த ஜவுளி வியாபாரம் செய்கிறோம். கடையில் மூன்று, ஒட்டியுள்ள குடோனில் இரண்டு என ஐந்து கணினிகள் உள்ளன. டேலி என்ற கணக்கு மென்பொருளில் உள்ள கணக்கு முழுவதும் கணக்கர் பயன்படுத்தும் கணினியில் இருப்பதால், அவர் அதை அணைத்துவிட்டால் மற்ற நான்கிலும் பில் போட முடிவதில்லை. கணினி பழுது பார்க்க வருபவர், பெங்களூரிலிருந்து பழைய சர்வர் ஒன்றை ரூ.1,85,000-க்கு வாங்கித் தருவதாகவும், சர்வர் இல்லாவிட்டால் ஜிஎஸ்டி சோதனையின்போது சிக்கல் வரும் என்றும் சொல்கிறார். அவர் தந்த கொட்டேஷனை இணைத்துள்ளேன். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் சிரமம் உண்மையானது. அதற்கு அவர் சொல்லும் மருந்துதான் தவறு.

ஓட்டலில் சர்வர் என்றால் கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பவர் என்று நமக்குத் தெரியும். கணினியிலும் அவ்வளவுதான். மற்ற கணினிகள் கேட்கும் கோப்பை எடுத்துக் கொடுக்கும் கணினிக்குச் சர்வர் என்று பெயர். அந்த வகையில் உங்களிடம் ஏற்கெனவே ஒரு சர்வர் இருக்கிறது. கணக்கரின் கணினி அவருக்கும் உழைத்து மற்ற நால்வருக்கும் பரிமாறிக்கொண்டிருக்கிறது. எவரும் உட்கார்ந்து வேலை செய்யாத, கடை திறந்ததிலிருந்து மூடும்வரை ஓடுகிற ஒரு சாதாரண மேசைக் கணினியைத் தனியாக வைத்து, டேலி கணக்கை அதற்கு மாற்றிவிட்டால் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். எஸ்எஸ்டி என்னும் வேகமான டிஸ்க்கும் 16 ஜிபி நினைவகமும் அதில் இருந்தால் போதும். விண்டோஸ் 11 ப்ரோ இருந்தால் 20 கணினிகள் வரை அதிலிருந்து கோப்புகளைப் பகிரலாம். உங்களிடம் இருப்பவை ஐந்துதான். டேலியில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யக் கோல்டு உரிமம் வேண்டும், சில்வர் ஒருவருக்கு மட்டுமே. உங்களிடம் எது உள்ளது என்பதை முதலில் பாருங்கள். குடோன் கணினிகளை வைஃபையில் விடாமல் கேபிள் இழுத்து இணையுங்கள். 100 மீட்டருக்குள் இருந்தால் சாதாரண லேன் கேபிளே போதும். பில் பதிவாகும் நொடியில் வைஃபை அறுந்தால் கணக்குக் கோப்பு கெட்டுப்போக வாய்ப்புண்டு. யுபிஎஸ், கேபிள், பேக்கப் எனப்படும் காப்பு நகலுக்கு இரண்டு வெளி டிஸ்க்குகள் என எல்லாம் சேர்த்தாலும் அவர் கேட்கும் தொகையில் பாதி ஆகாது.

இனி கொட்டேஷனுக்கு வருகிறேன். மூன்றாவது வரியில் 'விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2, லைஃப்டைம்' என்று இருக்கிறது. அந்தப் பதிப்புக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. எவருடைய ஆயுளைச் சொல்கிறாரோ தெரியவில்லை. விண்டோஸ் சர்வருக்கு அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் அல்லது ஒவ்வொரு கணினிக்கும் தனி அனுமதி உரிமம் வாங்க வேண்டும் என்ற செய்தியும் அதில் இல்லை. இரண்டு பிராசசர் கொண்ட பழைய சர்வர் சராசரியாக 200 வாட் இழுத்தாலே, இரவு பகலாக ஓடினால் மாதத்திற்கு 144 யூனிட் ஆகும். அதன் மின்விசிறிச் சத்தத்தில் வாடிக்கையாளரிடம் விலை பேச முடியாது என்பது வேறு விஷயம்.

எனக்கு அதிகம் கவலை தருவது கடைசி வரி. 'வீட்டிலிருந்தே பார்க்கும் வசதி, பாஸ்வேர்டு எங்கள் பொறுப்பு' என்று எழுதியிருக்கிறார். இந்த வசதிக்காகப் பலர் ரவுட்டரில் 3389 என்ற வாசலை இணையத்திற்குத் திறந்துவிட்டுப் போகிறார்கள். திறந்த வாசலைத் தேடும் வேலையை நாள் முழுதும் நிரல்கள் செய்துகொண்டிருக்கின்றன. உள்ளே நுழைந்தவர்கள் கணக்கையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். பாஸ்வேர்டு அவரிடமே இருந்தாலோ, அவரோடு மனத்தாங்கல் ஏற்படும் நாளில் உங்கள் கணக்கை நீங்களே திறக்க முடியாது. அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை நீங்களே அமைத்து, தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். அதை மறுக்கும் ஆளிடம் எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

ஜிஎஸ்டி பயத்தைப் பற்றி. சர்வர் வாங்க வேண்டும் என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. கணக்குகளை ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும் என்றும், மின்னணுக் கணக்காக இருந்தால், விபத்தில் அழிந்தாலும் நியாயமான காலத்திற்குள் மீட்கும்படி பேக்கப் இருக்க வேண்டும் என்றும்தான் சொல்கிறது. தாக்கல் செய்யப் போனால் 20-ஆம் தேதி தளம் திணறுகிறது. விதியைச் சிறு வியாபாரிக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்கவும் ஆளில்லை. அந்த வெற்றிடத்தில்தான் தரகர்கள் சட்டம் பேசுகிறார்கள்.

சர்வர் கட்டாயமில்லை என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பழுது பார்ப்பவர் எங்கோ அரைகுறையாகக் கேட்டதும் இதுவாகத்தான் இருக்கும். கம்பெனிச் சட்டத்தின் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் செய்த திருத்தத்தின்படி, கணக்குகளை மின்னணு முறையில் வைக்கும் கம்பெனிகள் அவற்றின் பேக்கப்பை இந்தியாவிற்குள் இருக்கும் சர்வரில் நாள்தோறும் வைக்க வேண்டும். இது பிரைவேட் லிமிடெட் போன்ற கம்பெனிகளுக்கு உரியது. கூட்டு வணிகத்திற்குப் பொருந்தாது. கூட்டாக என்று நீங்கள் எழுதினாலும், கடன் வாங்கும் நேரத்தில் ஆடிட்டர் சொன்னார் என்று கம்பெனியாகப் பதிந்துவிட்டு மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எனவே உங்கள் ஜிஎஸ்டி எண்ணை எடுங்கள். முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டிற்கான 33. அடுத்த பத்தும் பான் எண். ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது இடத்தில், அதாவது பானின் நான்காவது எழுத்தாக, 'எஃப்' இருந்தால் கூட்டு நிறுவனம், 'சி' இருந்தால் கம்பெனி. 'சி' என்றாலும் இந்தப் பழைய பெட்டியை வாங்க வேண்டியதில்லை. இந்தியாவில் சர்வர் வைத்திருக்கும் மேகச் சேமிப்பில் நாள்தோறும் நகல் போனால் போதும் என்பதை ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பேக்கப்பில் ஏமாறாதீர்கள். ஒரு விதைக் கடையில் சர்வருக்குப் பின்னால் வெளி டிஸ்க் ஒன்று பச்சை விளக்கு எரியச் செருகியிருந்தது. திறந்து பார்த்தால் கடைசிக் கோப்பின் தேதி முந்தைய ஆயுத பூஜைக்கு முதல் நாள். டிஸ்க்கின் மேல் வைத்த சந்தனப் பொட்டு மட்டும் காய்ந்து உதிராமல் இருந்தது. ஒன்றையொன்று நகலெடுக்கும் இரட்டை டிஸ்க்கைக் காட்டி அதையே பேக்கப் என்பார்கள். ஒன்றில் தவறி அழித்த பில் அதே நொடியில் மற்றதிலும் அழிந்துவிடும். நீங்கள் வாங்கும் இரண்டு டிஸ்க்கில் ஒன்று கடையிலும் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும். ஒவ்வொரு மாலையும் கடையில் இருப்பதில் நகலெடுத்து, வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து, முந்தைய நாள் போட்ட கடைசி பில் அதில் இருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.