எலுமிச்சைத் தோட்டத்துக்குப் போங்கள், கன்று வாங்காதீர்கள்

மதுரை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பிள்ளைகள் இருவரையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு புளியங்குடி எலுமிச்சைத் தோட்டம் ஒன்றுக்கு ஒரு நாள் போய்வர நினைக்கிறோம். பழம் பறிக்கலாம், வீட்டில் வைக்கக் கன்றும் தருவோம் என்று சொல்லி ஒரு முகவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?”

தாராளமாகப் போய்வாருங்கள், முகவருக்கு மட்டும் பணம் கொடுக்க வேண்டாம். காய்ப்பைக் குத்தகைக்கு விடும் வழக்கம் உள்ள தொழில் இது. நிலம் ஒருவருடையதாகவும் மரத்திலுள்ள காய் வேறொருவருடையதாகவும் இருக்கையில், முகவர் நிலக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உங்களை உள்ளே விட்டால், பிள்ளை முதல் பழத்தில் கைவைத்ததும் குத்தகைக்காரர் சத்தம் போடுவார்; அவர் பக்கம் நியாயமும் இருக்கும். ஆகவே தோட்டக்காரரிடமே நேரில் பேசி, காய் யாருடையது, கடைசியாக மருந்து அடித்து எத்தனை நாளாயிற்று என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். கோடையில் காய் குறைந்து விலை ஏறியிருக்கும் என்பதால் அப்போது போக வேண்டாம். முள் தைக்காதபடி எல்லாரும் செருப்பு அணிந்திருக்க வேண்டும்.

பறித்த பழத்தைப் பிள்ளைகள் வெயிலில் நின்று பிழிந்து விளையாட விடாதீர்கள். எலுமிச்சைச் சாறும் தோல் எண்ணெயும் பட்ட இடத்தில் வெயில் விழுந்தால், ஓரிரு நாள் கழித்துத் தீப்பட்டதுபோல் சிவந்து கொப்புளம் கிளம்பும். கருந்தழும்பு மறையப் பல வாரங்கள் ஆகும். நிழலுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

இனி அந்தக் கன்று. வழியோரம் விற்பதையும் முகவர் ‘இலவசமாக’ நீட்டுவதையும் தொடாதீர்கள். எலுமிச்சை இன மரங்களை நாளடைவில் பட்டுப்போகச் செய்யும் கிரீனிங் என்ற நோய் கன்றோடு வந்துவிடலாம்; அது கண்ட மரத்துக்கு மருந்து கிடையாது. சில்லா என்ற சிறு பூச்சியும் நோயுற்ற ஒட்டுக்கன்றும் அதைப் பரப்புகின்றன. இலையின் நடுநரம்புக்கு இருபுறமும் ஒன்றுபோல் இல்லாமல் திட்டுத்திட்டாக மஞ்சள் பூக்கும் அந்த அடையாளம், வாங்கும் நாளில் பெரும்பாலும் தெரியாது. பச்சையாக வந்த கன்றுகளை நட்டு, மூன்றாம் ஆண்டில் வேரோடு பிடுங்கி எரித்த குடும்பத்தை நான் அறிவேன். விற்றவரைக் கேட்பாரில்லை. நோயற்ற கன்று எங்கே கிடைக்கும் என்று விசாரித்த அவர்களை அலுவலகம் அலுவலகமாக அலையவிட்டதுதான் நடந்தது. சங்கரன்கோவில் பக்கம் வன்னிக்கோனேந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கும்போது, அங்குள்ள அறிவு சாலையோரம் வரை வந்து சேராதது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் ஒரு விலக்கு உண்டு. கிரீனிங் விதை வழியே பரவுவதாக அறியப்படவில்லை. நாட்டு எலுமிச்சையில் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகள் முளைக்கும், அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும். ஆகவே தோட்டக்காரரிடம் நன்றாகக் காய்க்கும் மரம் எதுவென்று கேட்டு, அதில் மஞ்சளாகப் பழுத்த, தோலில் தக்கை போன்ற சொறிப்புள்ளி இல்லாத பழங்களைக் காசு கொடுத்து வாங்கி வாருங்கள். விதையை எடுத்து வழவழப்புப் போகக் கழுவி, காயவிடாமல் அன்றோ மறுநாளோ ஊன்றிவிட வேண்டும். காய்ந்த எலுமிச்சை விதைக்கு முளைப்புத் திறன் குறைந்துவிடும். ஒரே குழியில் கூட்டமாக முளைத்தால், மெலிந்ததையும் இலை வேறுபட்டதையும் களைந்துவிட்டு, ஒரே சீராக வளர்வதில் திடமான ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். காய்க்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும் என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.