புதுத்தண்ணிக்குக் கெளுத்தி, மடுவுக்கு விரால்

கேள்வி: வேலை மாற்றலாகித் திருவையாறு வந்திருக்கிறேன். குடமுருட்டியில் தூண்டில் போட ஆசை. எங்கே உட்கார்ந்தால் மீன் கிடைக்கும்?
- ஒரு வாசகர், திருவையாறு

பதில்: முதலில் மாதத்தைப் பாருங்கள், இடம் அப்புறம். குடமுருட்டி வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அணையில் இருப்பு குறைந்த வருஷம் திறப்பு தள்ளிப் போகும். எப்போது வந்தாலும் முதல் தண்ணீர் சருகும் நுரையுமாகக் கலங்கித்தான் வரும். அது கெளுத்திக்கான நேரம். கெளுத்தி கண்ணை நம்பி இரை தேடுவதில்லை, மீசையால் தடவித் தேடுகிறது. அதனால் கலங்கல் தண்ணீரில் மண்புழுவைத் தரையோடு கிடக்கவிட்டு, பொழுது சாயும்போது உட்காருங்கள்.

தண்ணீர் தெளிந்த பிறகு மதகுப் பக்கம் போகலாம். மதகின் வாயிலேயே போடக் கூடாது. பத்துப் பதினைந்து அடி தள்ளிப் பார்த்தால், விரைந்து ஓடும் தண்ணீரும் ஓரத்தில் சுழலும் தண்ணீரும் சந்திக்கிற ஒரு கோடு தெரியும். இழுப்பில் வருகிற இரைக்காகக் கெண்டை அந்தக் கோட்டுக்கு உள்பக்கம் நிற்கும். ஆற்று வளைவில் என்றால் மணல் சேர்ந்த உள்கரையை விட்டுவிட்டு, மண் அரித்துப் போன எதிர்க்கரைக்குப் போங்கள். ஆழமும் நிழலும் அங்கேதான்.

ஷட்டர் திறந்திருக்கும்போது கீழ்ப்படியில் உட்காராதீர்கள். மணல் எடுத்த குழி உள்ள இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று இறங்கவும் கூடாது. அடுத்த அடியிலேயே ஆள் முழுகும் பள்ளம் இருக்கலாம்.

கேள்வி: மாவு உருண்டை தண்ணீரில் விழுந்ததுமே கரைந்துவிடுகிறது. மீன் கொத்துவதும் தெரியவில்லை. என்ன செய்ய?
- கல்லூரி மாணவர், பாபநாசம்

பதில்: தம்பி, மாவைக் கெட்டியாகப் பிசைந்து, மருந்துக்கடைப் பஞ்சை மெல்லிசாகப் பிய்த்து அதோடு சேர்த்துப் பிசையுங்கள். பஞ்சின் நார் மாவைப் பிடித்துக்கொள்ளும். உருண்டை மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். கெண்டைக்கு வாய் சின்னது. தூண்டில் முள்ளும் சின்னதாக இருக்கட்டும், 14-ஆம் நம்பர் வாங்குங்கள். நம்பர் கூடக்கூட முள் சிறுக்கும்.

கொத்து தெரியாததற்குப் பெரும்பாலும் தக்கைதான் காரணம். கடையில் விற்கும் பெரிய பிளாஸ்டிக் தக்கையைச் சின்னக் கெண்டையால் அசைக்க முடியாது. ஒரு துண்டு நெட்டி போதும். தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரிகிற அளவுக்கு ஈயம் கட்டுங்கள். நுனி துடித்தால் மீன் உரசிப் பார்க்கிறது, பேசாமல் இருங்கள். சாய்ந்து ஒரு பக்கமாக நகர ஆரம்பித்தால் மணிக்கட்டை மட்டும் சுண்டுங்கள். தோளிலிருந்து இழுத்தால் உதடு கிழிந்து மீன் போய்விடும்.

கேள்வி: கெளுத்தி குத்திக் கை வீங்கிவிட்டது. எப்படிப் பிடிப்பது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, ஆக மூன்று முள். வயிற்றுப் பக்கமாகக் கையைக் கொடுத்து, பக்க முள் இரண்டுக்கும் பின்னால் விரல்களை அணைத்துப் பிடியுங்கள், அம்மா. அதுவும் பழக்கமில்லையென்றால் ஈரத் துணியும் குறடும் போதும். குத்திவிட்டால் தோல் வெந்துவிடாத, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள். வலி குறையும். முள் ஒடிந்து உள்ளே நின்றாலோ வீக்கம் ஏறினாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: விராலுக்கு எது நல்ல காலம்? ரப்பர் தவளைக்கு மாட்டுமா?
- ஒரு வாசகர், கபிஸ்தலம்

பதில்: நன்றாக மாட்டும். பிப்ரவரிக்குப் பிறகு ஆறு அறுந்து மடு மடுவாக நிற்கும்போது தேடுங்கள். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன். வெங்காயத்தாமரைக்கு நடுவிலோ, நெய்வேலி காட்டாமணக்குத் தூரிலோ 'பொளக்' என்று ஒரு சத்தமும் குமிழும் வந்தால் ஆள் அங்கே இருக்கிறது. தவளையை அதன் தலையில் போடாதீர்கள். தாண்டிப் போட்டு, இலை மேலே ஏற்றி, விட்டுவிட்டு இழுங்கள். அடித்த உடனே சுண்டாமல், தூண்டில் நரம்பு இறுகும்வரை பொறுத்து இழுத்தால் முள் ஏறும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்தில் கரையோரம் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் கொதிப்பது போல மேலே வந்து போகும். அதன் அடியில் பெரிய விரால் காவல் இருக்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து அடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. அதைப் பிடித்துவிட்டால் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். தயவுசெய்து அங்கே தூண்டில் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் மடுவில் இரவில் பேட்டரி வைத்து கரண்ட் விட்டு மீன் பிடிக்கிறார்கள். கேட்கலாமா?
- ஒரு வாசகர், திருக்காட்டுப்பள்ளி

பதில்: கட்டாயம் கேளுங்கள், ஆனால் தனியாகப் போய் நிற்காதீர்கள். வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே தடுத்தது. கரண்டும் அதே நாசம்தான். பெரிய மீன், விரல் நீளக் குஞ்சு என்ற பேதமில்லாமல் அடிக்கிறது. தண்ணீரில் கால் வைத்திருக்கிற ஆளையும் விடாது. கோடையில் தப்பிக்கிற மீன்தான் அடுத்த தண்ணீருக்கு இனம் பெருக்கும் என்பதால், மடுவில் இதைச் செய்வது எனக்குப் பொறுக்கவே இல்லை. ஊர்க்காரர்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டு மீன்வளத் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள், நகலைக் காவல் நிலையத்திலும் கொடுங்கள். எந்த மடு, எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று மனுவில் தெளிவாக எழுதுங்கள்.