டெபியன் சிட்டில் அப்டேட் போட்டதும் சிஸ்டம் ஏன் மக்கர் பண்ணுகிறது?

டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் புதிய மென்பொருள் முதலில் வந்து இறங்கும் இடம்தான் சிட். அங்கே வழக்கமாக 2 முதல் 10 நாள் பெரிய பிழைப் புகார் எதுவும் இல்லாமல் தாக்குப்பிடித்தால்தான் அடுத்த கட்டமான டெஸ்டிங்குக்குப் போகும். கல்யாணச் சமையல்கட்டில் பந்திக்கு முன் ருசி பார்ப்பது போல. உப்பு கூடக்குறைய இருக்கத்தான் செய்யும்.

ஒரு லைப்ரரி (பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) புதிதாக வந்துவிட்டு, அதை நம்பியிருக்கும் மற்ற மென்பொருள்கள் இன்னும் வந்து சேராதபோதுதான் பெரும்பாலும் சிக்கல். அப்போது மென்பொருள்களை நிறுவி நீக்கும் கருவியான ஆப்ட் 'இவற்றை நீக்கப்போகிறேன்' என்று நீளமாகப் பட்டியல் போடும். அதில் உங்கள் டெஸ்க்டாப் மென்பொருளே இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சில நாள் பொறுங்கள். சிஸ்டம் தொடங்கவே (boot) மறுக்கிறதா? கணினியை இயக்கியதும் வரும் கிரப் மெனுவில் பழைய கர்னலை (சிஸ்டத்தின் மையப் பகுதி) தேர்ந்தெடுங்கள். அதில் ஓடினால், கோளாறு புதிய கர்னல் தொடர்பானதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ரீஇன்ஸ்டால் செய்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பழுது சரிசெய்யப்படாதவரை அதே மென்பொருள்தான் திரும்பவும் இறங்கும்.