கதையில் வந்ததெல்லாம் கைக்கு வந்ததா?

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். எந்நேரமும் அறிவியல் புனைகதைதான். சாட்டிலைட், அணுகுண்டு எல்லாமே கதை எழுதியவர்கள் முன்பே சொன்னதுதான், விஞ்ஞானிகள் அதைப் பார்த்துச் செய்தார்கள் என்று வாதாடுகிறான். இயற்பியலில் மார்க்கோ குறைகிறது. அந்தப் புத்தகங்களை எடுத்து ஒளித்து வைத்துவிடட்டுமா?
- ஒரு தாய், குடியாத்தம்

பதில்: வேண்டாம் அம்மா, படிக்கட்டும். அவன் சொல்வதில் பாதி உண்மை. எச்.ஜி. வெல்ஸ் 1914-இல் வந்த ஒரு நாவலில் அணுகுண்டு என்ற பெயரையே எழுதிவிட்டார். 1932-இல் அதைப் படித்த லியோ சிலார்டு என்ற இயற்பியலாளருக்கு அடுத்த வருஷமே, ஓர் அணுவில் நடக்கும் வினை அடுத்தடுத்த அணுக்களிலும் வினையைத் தூண்டிக்கொண்டே போகும் அணுத் தொடர்வினை யோசனை வந்தது, அணுகுண்டுக்கு அடிப்படையே அதுதான். ஆனால் வெல்ஸ் எழுதிய குண்டு நாள்கணக்காக வெடித்துக்கொண்டே இருக்கும், விமானத்திலிருந்து அதைக் கையால் தூக்கிப் போடுவார்கள். பெயர் பலித்தது, பொருள் வேறாகத்தான் வந்தது.

சாட்டிலைட் விஷயத்தை அவனோடு உட்கார்ந்தே பேசுங்கள். உங்கள் மாடியில் டிஷ் இருந்தால் அதைக் காட்டி, இது ஏன் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது, ஏன் திரும்புவதே இல்லை என்று கேளுங்கள். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால், நமக்கு அது நின்ற இடத்திலேயே நிற்பது போலத் தெரியும். அங்கே மூன்றை நிறுத்தினால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று 1945-இல் எழுதியவர் ஆர்தர் கிளார்க். கதைக்காரர்தான், ஆனால் அவர் இதை எழுதியது கதையாக இல்லை, ஒரு ரேடியோ பத்திரிகையில் கணக்குப் போட்டு எழுதிய கட்டுரையாக. அவரும்கூட அங்கே ஆட்கள் தங்கி வேலை பார்ப்பார்கள் என்றுதான் நினைத்தார். அன்றைய கருவிகள் பல்பு மாதிரியான கண்ணாடி வால்வுகளில் ஓடியவை, எரிந்துபோனால் மாற்ற ஆள் வேண்டுமே! இரண்டே வருஷத்தில் வால்வின் வேலையைச் செய்யும் சின்னஞ்சிறு டிரான்சிஸ்டர் வந்தது, 1964-இல் சின்காம் 3 என்ற செயற்கைக்கோள் ஆளே இல்லாமல் அங்கே போய் நின்றது. எது சரியாக வந்தது என்பதைவிட எது தவறிப்போனது, ஏன் தவறிப்போனது என்று தேடுவதில்தான் இயற்பியலே இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய சுவாரஸ்யம்.

அதனால் மார்க்குக்கும் வழி இதுவே. அவன் பாடப்புத்தகத்தில் ஈர்ப்பியல் என்று ஓர் அலகு உண்டு. அந்த 35,786 எங்கிருந்து வந்தது என்று அவனையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒருமுறை காவலூர் கூட்டிப் போங்கள். வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகப் போனால் ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம், 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1977-இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைப் பார்க்க உலகெங்கும் காத்திருந்தார்கள், கோள் வந்து மறைக்கும் முன்பே நட்சத்திரம் விட்டுவிட்டு மங்கியது, அப்படித்தான் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தது. அந்த மங்கல் காவலூரிலும் பதிவானது. எந்தக் கதையையும் பார்த்து அதைத் தேடவில்லை என்று அவனிடம் சொல்லுங்கள்.

பார்வையாளர்களை என்றைக்கு விடுகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது, தை, மாசியில் போவது நல்லது. மலைமேல் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.