கந்தோர் வேலையும் மனச்சுமையும்: திருகோணமலை அரச ஊழியர்களின் கேள்விகளுக்குப் பதில்

பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். யார் கேட்டார் என்று தெரியவரும் விபரங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி (கிராம உத்தியோகத்தர், மூதூர்ப் பக்கம்): அக்கா, வெள்ள நிவாரணப் பட்டியல் எடுத்ததிலிருந்து நடுச்சாமத்திலும் போன் வருகிறது. பெயர் விடுபட்டவர்கள் வீட்டு வாசலுக்கே வந்து ஏசுகிறார்கள். இப்போது சனத்தைக் கண்டாலே எரிச்சல் வருகிறது. நான் கெட்டவனாகிவிட்டேனா?

பதில்: இல்லை தம்பி. மகாவலி பெருகினால் மூதூர், வெருகல் பக்கம் சனத்தின் வீட்டோடு ஜீ.எஸ் (கிராம உத்தியோகத்தர்) வீட்டுக்குள்ளும்தான் தண்ணி வரும். சொந்தச் சாமானை மேலே தூக்கி வைக்க நேரமில்லாமல் ஊருக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தவர் நீங்கள்.

ஆள் அசந்துபோவது, வேலையிலும் சனத்திலும் வெறுப்புத் தட்டுவது, என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றுவது: இவை மூன்றும் சேர்ந்ததை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வேலைச் சோர்வு என்று வரையறுத்தது. அதை நோய் என்று சொல்லவில்லை. கவனிக்காமல் விட்ட வேலை அழுத்தத்தின் விளைவு என்கிறது. அதனால் முதலில் வேலை ஒழுங்கைத்தான் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு முறைப்பாட்டையும் எழுதி எடுத்து, இலக்கம் போட்ட ஒரு துண்டைக் கையில் கொடுங்கள். எப்போது பதில் வரும் என்றும் சொல்லுங்கள். ஏச வந்தவரின் பாதிக் கோபம் அந்தத் துண்டோடு அடங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இரவு அழைப்புகளைப் பக்கத்துப் பிரிவு ஜீ.எஸ்ஸோடு முறை வைத்து எடுக்க முடியுமா என்று பிரதேச செயலாளரிடம் கேளுங்கள். இரண்டு கிழமைக்கு மேலும் நித்திரை வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் டொக்டரிடம் போங்கள்.

கேள்வி (கிளைத் தலைவர், திருகோணமலை நகரம்): ஊழியர்களுக்கு வருடம் ஒரு யோகா நிகழ்ச்சியும் விரிவுரையும் வைக்கிறோம். போதுமா?

பதில்: போதாது சேர். யோகா நல்லதுதான். ஆனால் மறுநாள் அதே கவுண்டர், அதே ஏச்சு. 2023இல் அஸ்வெசும என்ற அரச நிவாரணக் கொடுப்பனவு தொடங்கியபோது கவுண்டரில் இருந்த பிள்ளைகளை யோசித்துப் பாருங்கள். பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ வெட்டவோ அவர்களுக்கு அதிகாரமில்லை. திட்டு மட்டும் முழுதாக அவர்களுக்கு.

ஊழியரின் மனநலத்தைக் கவனிக்க மேலதிகாரிகளைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டல் சொல்கிறது. கவுண்டரில் ஒருவரையே நாள் முழுக்க இருத்தாமல் அரைநாளுக்கு ஒருவராக மாற்றுங்கள். சண்டை ஒன்று நடந்தால் அந்த ஊழியரைப் பத்து நிமிடம் எழுந்து போகவிட்டு, நீங்கள் வந்து பேசுங்கள். சனத்துக்கு முன்னால் ஊழியரைக் கண்டிக்கவே வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் கட்டடத்திலேயே இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் உங்கள் ஆட்கள் வாய் திறக்க மாட்டார்கள். மதியம் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள் அல்லவா? பக்கத்துச் செயலகத்தோடு பேசி, அங்குள்ளவரிடம் போக ஒழுங்கு செய்யுங்கள்.

கேள்வி (அபிவிருத்தி உத்தியோகத்தர், கிண்ணியா): மனநலக் கிளினிக்குக்குப் போனால் கந்தோருக்குத் தெரியவந்து பதவி உயர்வு போய்விடுமா?

பதில்: தங்கச்சி, நோயாளியின் விபரத்தை இரகசியமாக வைப்பது டொக்டரின் கடமை. மருத்துவச் சான்றிதழ் தேவைப்பட்டால், அதில் என்ன எழுதப்படும் என்று முதலிலேயே அவரிடம் கேளுங்கள். பயத்தில் பிந்த வேண்டாம்.

கேள்வி (முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர்): எங்கள் கிளையில் ஒருவர் “செத்தால்தான் நிம்மதி” என்று அடிக்கடி சொல்கிறார். கேட்டால் இன்னும் தூண்டிவிடுவோமோ என்று பயம்.

பதில்: தூண்டிவிடாது. தனியாகக் கூட்டிக்கொண்டு போய், “உயிரை விட யோசிக்கிறீங்களா?” என்று நேராகக் கேளுங்கள். புத்திமதி சொல்லாமல் காது கொடுங்கள். ஆமென்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். யோசித்திருந்தால் தனியே விடாமல் நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி, குளிசைகள் அவருக்கு எட்டாமல் இருக்க வீட்டாரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம். நாளை மற்ற நாள் என்று தள்ளாமல் இன்றைக்கே பேசுங்கள்.