நாட்டு யூகலிப்டஸ் மரத்தைப் போன்சாயாக வளர்க்க முடியுமா?

மெல்போர்னில் வசிக்கும் நீங்கள், ஆஸ்திரேலியாவின் நாட்டு மரமான யூகலிப்டஸைப் போன்சாயாக வளர்க்க விரும்புவதாகவும், "அது நினைத்தபோது கிளையை உதிர்த்துவிடும், தொட்டி மாற்றினால் பட்டுப்போய்விடும்" என்று பழகியவர்கள் தடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அடிலெய்டில் பல ஆண்டுகளாக இம்மரங்களைத் தொட்டியில் வளர்த்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாக முடியும். அந்த இரண்டு புகார்களும் பொய்யல்ல. ஆனால் ஜப்பானிய மேப்பிளுக்கும் பைனுக்கும் வகுத்த நாள்கணக்கை இந்த மரத்தின்மேல் சுமத்துவதால்தான் அவை பெரும்பாலும் நேர்கின்றன.

யூகலிப்டஸ் குளிர்காலத்தில் முழுமையாக உறங்கும் மரம் அல்ல. மேப்பிளைப் போலச் செதில் மூடிய குளிர்கால மொட்டுகளை அது உருவாக்குவதில்லை. இலைக்கோணங்களில் மூடப்படாத மொட்டுகள் எப்போதும் காத்திருக்கும், வெப்பமும் ஈரமும் சேர்ந்து கிடைத்ததும் அவை வளரத் தொடங்கிவிடும். இதற்கும் மேலாக, பட்டையின் அடியாழத்தில், காட்டுத்தீயின் சூடு எளிதில் எட்டாத இடத்தில், புதிய மொட்டுகளை உருவாக்கவல்ல திசுக்கள் தண்டு நெடுகிலும் இருக்கின்றன. பெரும்பாலான இனங்களில் மண்மட்டத்தில் லிக்னோட்யூபர் என்ற புடைத்த அடிக்கட்டை ஒன்றும் உண்டு. தீயில் மேற்பகுதி முழுவதும் கருகினாலும் மரம் அதிலிருந்து மறுபடி தழைத்துவிடும். போன்சாய் வளர்ப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. நன்கு வளர்ந்துகொண்டிருக்கும் மரத்தின் தண்டைக் கோடையில் குட்டையாக வெட்டினால், சில வாரங்களில் வெறும் பட்டையில் ஊசிமுனையளவு செந்நிறப் புள்ளிகள் வெடித்து வருவதைக் காணலாம். அவற்றில் வேண்டியவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விரலால் தேய்த்துவிட்டாலே முதல் கிளைகளின் இடம் முடிவாகிவிடும்.

தொட்டி மாற்றும் காலமும் இதிலிருந்தே தெளிவாகும். குளிர்கால இறுதியில் வேரை வெட்டினால், மண் குளிர்ந்திருப்பதால் புது வேர் ஓடாது. மரம் ஈரமண்ணில் செயலற்று நின்று அழுகத் தொடங்கும். ஆஸ்திரேலியாவில் வெப்பம் ஏறும் நவம்பர் முதல் ஜனவரி வரை, நுனிகள் பளபளவென்று துளிர்த்துக்கொண்டிருக்கும்போது, கடும் வெயில் அறிவிக்கப்படாத ஒரு வாரமாகப் பார்த்து மாற்றுங்கள். வேரைக் குறைக்கும் அளவுக்கு இலையையும் குறைத்து, புதுத்துளிர் நிற்கும்வரை அரைநிழலில் வைத்து, மண் உலராமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் முழு வெயில்தான் அதன் இடம். வீட்டுக்குள் வைக்கவே கூடாது.

கிளை உதிர்வதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். யூகலிப்டஸ் ஒளியை விரட்டிக்கொண்டு மேலே ஓடும் மரம். நிழலில் அகப்பட்ட கிளைக்கு அது உணவு செலவழிப்பதில்லை. அத்தகைய கிளை காய்ந்து விழுவது காட்டில் அன்றாடம் நடப்பது. நீங்கள் ஒரு கீழ்க்கிளையை மட்டும் ஒட்ட நறுக்கிவிட்டு, உச்சியைத் தன்போக்கில் வளரவிட்டால், மரம் அந்தக் கீழ்க்கிளையை வேண்டாததாகக் கருதிக் கைவிடுகிறது. ஆகவே கவாத்து செய்தால் மரம் முழுவதும் ஒரே வேளையில், உச்சியில் கடுமையாகவும் கீழே மென்மையாகவும் செய்யுங்கள். தடிக்க வேண்டிய கீழ்க்கிளையின் நுனியில் வெட்டாமல் நீள ஓடவிடும் ஒரு குருத்தை எப்போதும் விட்டுவையுங்கள். நோஞ்சானாக இருக்கும் மரத்தில் கத்தரிக்கோலை வைக்காதீர்கள். முதலில் அது வாட்டசாட்டமாக வளரட்டும், பிறகு வெட்டுங்கள். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பாதிப் புகார் நின்றுவிடும் என்பது என் உறுதியான கருத்து.

இனங்களைப் பொறுத்தவரை, யூகலிப்டஸில் 700-க்கும் மேற்பட்டவை உண்டு, எல்லாம் தொட்டிக்கு இசைவதில்லை. நம் ஊட்டியில் 19ஆம் நூற்றாண்டிலேயே நடப்பட்டுத் தைல மரமாக நமக்கெல்லாம் பழகிய புளூ கம், டாஸ்மேனியாவையும் தெற்கு விக்டோரியாவையும் தாயகமாகக் கொண்டது. அரிவாள் போல நீண்ட அதன் இலைகளைச் சிறிய மரத்தின் அளவுக்குக் கொண்டுவருவது வீண்போராட்டம். விக்டோரியாவின் மலைக்காடுகளில் வானளாவ நிற்கும் மவுண்டன் ஆஷுக்கு லிக்னோட்யூபர் கிடையாது. அது கடுந்தீயில் மடிந்து விதையிலிருந்தே மீள்வது என்பதால், ஒட்ட வெட்டும் வேலைக்கு ஆகாது. தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்வது, நியூ சவுத் வேல்ஸின் நியூ இங்கிலாந்து மேட்டுநிலத்தைச் சேர்ந்த நிக்கோலி யூகலிப்டஸ். இலை மிக ஒடுக்கமானது, பட்டை வெடிப்புடன் முதிர்ந்த தோற்றம் தருவது. அடுத்தது முர்ரே ஆற்றங்கரைகளின் ரிவர் ரெட் கம். வெள்ளம் சூழ்ந்தாலும் தாங்கும் மரம் அது. ஆதலால் நாற்பது பாகை தாண்டும் நாட்களில் தொட்டியை ஆழமற்ற நீர்த்தட்டில் நிறுத்தலாம். பனிமலைகளின் ஸ்னோ கம் அழகில் எல்லாவற்றையும் விஞ்சும், ஆனால் மெதுவாக வளரும்; கொஞ்சம் கை பழகியபின் அதற்குப் போகலாம்.

உருக்கொடுப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதிகம் தவறாகச் செய்யப்படும் பகுதியும் அதுவே. கீழிருந்து மேலாகக் கிளைகளை அடுக்கி, இலைகளைத் தட்டுத்தட்டாகப் படியவைத்து, முக்கோண உச்சி அமைத்தால் கிடைப்பது யூகலிப்டஸ் இலை ஒட்டிய பைன் மரம். மேய்ச்சல் நிலத்தில் தனித்து நிற்கும் ஒரு முதிய ரெட் கம்மை நின்று பாருங்கள். அடிமரம் பருத்து, தாழ்வாகவே இரண்டு மூன்றாகப் பிரியும். கிளைகள் முதலில் எழுந்து, பாரத்தில் வெளிப்புறம் வளைந்து, நுனி மீண்டும் நிமிரும். நடுவில் கிளை முறிந்த இடங்கள் பொந்துகளாக இருக்கும். இலைகள் கிளை நெடுகிலும் இல்லாமல் நுனிகளில் மட்டும் கொத்துக்கொத்தாகத் தொங்கும், கொத்துகளுக்கிடையே வானம் தெரியும். அந்த இடைவெளியைத்தான் நாம் தொட்டியில் கொண்டுவர வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹான்டார்ஃப் அருகே வாழ்ந்த ஓவியர் ஹான்ஸ் ஹேய்சன் (1877–1968) இம்மரங்களை வாழ்நாள் முழுவதும் வரைந்தார். கிளை எங்கே திரும்புகிறது, பட்டையில் ஒளி எங்கே விழுகிறது என்பதைக் கற்க அவருடைய நீர்வண்ண ஓவியங்களைவிட நல்ல ஆசிரியரை நான் அறியேன். ஸ்னோ கம் என்றால் வேறு வடிவம் பொருந்தும்: தீக்குப் பிறகு ஒரே அடிக்கட்டையிலிருந்து எழுந்த பல தண்டுகள், காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்தவையாக. கான்பெராவின் தேசிய மரத்தோட்டத்தில் உள்ள போன்சாய், பென்ஜிங் (சீனக் குறுமரக் கலை) தொகுப்பில் நாட்டு மரங்களும் இடம்பெற்றிருக்கின்றன. ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கம்பி சுற்றுவதைக் குருத்து இன்னும் சிவப்பாகவோ பச்சையாகவோ இருக்கும்போதே செய்துவிட வேண்டும். முற்றிய கிளை வளையாது, சட்டென்று முறியும். வளர்ச்சி வேகம் மிகுதி என்பதால், கோடையில் சில வாரங்களிலேயே கம்பி பட்டைக்குள் இறங்கித் தழும்பாகிவிடும். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கம்பியின் ஓரத்தை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்ட வெட்டியபின் வரும் இலைகள் இளம்பருவ இலைகளாக, அகலமாகவோ வேறு நிறத்திலோ இருக்கலாம். அதைக் கண்டு பதற வேண்டாம், கிளைகள் பிரியப் பிரிய இலை சிறுக்கும்.

உரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலிய நாட்டுச் செடி எதற்கும் பாஸ்பரஸ் ஆகாது என்பார்கள். அது பாங்க்ஸியா, கிரெவில்லியா போன்ற புரோட்டியேசி குடும்பத்துக்குப் பொருந்தும். யூகலிப்டஸ் கொய்யாவும் நாவலும் அடங்கிய மிர்ட்டேசி குடும்பம், சாதாரண உரத்தை அது பெரும்பாலும் நன்றாகவே ஏற்கும். மண்கலவை நீர் தேங்காததாகவும் சுண்ணாம்புத்தன்மை இல்லாததாகவும் இருக்கட்டும். சுண்ணாம்பு மிகுந்தால் இரும்புச்சத்து கிடைக்காமல் நரம்புகள் பச்சையாக இருக்க இளம் இலைகள் மஞ்சளாகும்.

மரத்தை நாட்டுச்செடி நர்சரியில் டியூப் நாற்றாகவே (சிறு குழாய்த் தொட்டியில் வளர்ந்த இளங்கன்றாக) வாங்குங்கள். தேசியப் பூங்காக்களில் தோண்டி எடுப்பது சட்டப்படி குற்றம். வாங்கும்போது நாற்றை டியூபிலிருந்து மெல்ல உருவிப் பார்த்து, அடியில் வேர் சுருண்டு முறுக்கிக்கொண்டவற்றைத் தவிர்த்துவிடுங்கள். லேசாகச் சுருண்டிருந்தால் முதல் தொட்டியில் வைக்கும்போதே அந்தச் சுருளை வெட்டி, வேர்களை நாலாபக்கமும் விரித்து வையுங்கள். பிறகு தண்டு விரல் பருமன் ஆகும்வரை பெரிய தொட்டியிலோ தரையிலோ விட்டு வளர்த்தபின் முதல் வெட்டை வெட்டலாம்.